தாம்பாளத்துக்கு அஞ்சிய கட்டைவிரல்

மாடம்பாக்கம் மாநகரில் எழுந்தருளியிருப்பவளும், மாமா போன் செய்தால் எடுக்காமல் ப்ளூ டிக் மட்டும் அருள்பவளும், என் தங்கை சந்திரிகாவின் ஒரே மகளும், வருகிற தை மாதம் மணமேடை ஏறப்போகிறவளுமான சௌபாக்கியவதி மிருதுளாவுக்கு, முடிச்சூர் பெயிண்ட் கடை ஜெயவேலு மாமா கோடானுகோடி ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் உச்சந்தலை முதல் கணுக்கால் வரை யாவும் சௌக்கியம். கணுக்காலுக்குக் கீழே உள்ள நிலவரத்தைத் தெரிவிப்பதற்காகவே இந்தக் கடிதம். உன் அத்தை கோகிலவாணியும் சௌக்கியம். உன்னை அழவைத்த நாளிலிருந்து எனக்கு ரசத்தில் உப்புப் போடுவதில்லை, அதைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

கண்ணு, கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு ஹாலில் நடந்ததைச் சரித்திரம் மன்னிக்காது என்று எனக்கே தெரியும். கல்யாண ஏற்பாட்டைப் பேசுவதற்காக ஈவென்ட் மேனேஜர் பெண் சினேகா கையில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். நீ என்னைப் பார்த்து, "மாமா, பாத பூஜைக்கு மூணு சேர் போடச் சொல்லிட்டேன். அம்மா நடுவுல. ஒரு பக்கம் நீங்க, ஒரு பக்கம் அத்தை. அப்பா இடத்துல நீங்கதான் உட்காரணும்" என்றாய். அந்த நிமிஷம் என் நெஞ்சு தாம்பரம் ஸ்டேஷன் மாதிரி விரிந்துவிட்டது. விதவை ஆனவளை மேடையில் உட்கார வைக்கலாமா என்று முணுமுணுக்கிற நாலு கிழங்களை நானே ஒரு கை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த சினேகா குறுக்கே புகுந்து, "சூப்பர் அங்கிள்! பாத பூஜைதான் நம்ம ஹைலைட்டே. கேமராவ தரையில வெச்சு, கால் மட்டும் டைட் க்ளோசப். பால் ஊத்துறது ஸ்லோ மோஷன். மேடைக்கு ரெண்டு பக்கமும் எல்இடி ஸ்க்ரீன், பந்தியில சாப்புடுறவங்களுக்கும் தெரியும்" என்றாள்.

திறந்த வாய் அப்படியே நின்றுபோயிற்று. பிறகு அந்த வாயிலிருந்து வந்தவை என்னுடைய சொற்களே அல்ல. நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு நான் பகுத்தறிவு பேசினேன். மனிதன் காலை மனிதன் கழுவுவது அடிமைத்தனம் என்றேன். பால் விலை என்ன தெரியுமா என்றேன். பாத பூஜை நம் வழக்கமே இல்லை, நடுவில் யாரோ கொண்டுவந்தது என்று கல்வெட்டைப் படித்தவன் போல முழங்கினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா இடத்துல உட்கார இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிடுங்க மாமா. சுத்தி வளைக்காதீங்க" என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். சந்திரிகா எனக்கு வைத்த காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குடிக்காத காபி, கண்ணு! பிறந்ததிலிருந்து இந்த அண்ணனை அவள் அப்படி நடத்தியதில்லை.

உண்மையை இப்போது சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி, பக்கத்தில் பலவீனமான இதயம் உள்ளவர்கள் யாரும் வேண்டாம். என் வலது கால் கட்டைவிரலில் இருப்பது நகம் அல்ல. நகம் என்ற பெயரில் அங்கே குடிவந்து, பிறகு வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட ஒரு ஆட்டுக்கடாக் கொம்பு. பெரிய வெள்ளம் வந்த வருஷம் கடையில் தண்ணீர் ஏறுகிறதே என்று பெயிண்ட் டிரம்களைப் பரண்மேல் ஏற்றினேன் அல்லவா, அதில் ஒன்று நழுவி நேராக அந்த விரலில் இறங்கியது. நகம் கறுத்து விழுந்தது. போனது போகட்டும் என்று இருந்தேன். திரும்பி முளைத்தது பார், அது முளைத்ததா, வஞ்சம் தீர்க்க வந்ததா தெரியவில்லை. பழுப்பு மஞ்சள் நிறம், என் கட்டைவிரலைவிடக் கனம், மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கத்து விரலின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது. நகவெட்டி வைத்தால் நகவெட்டி இரண்டாகிறது. டைல்ஸ் தரையில் நடந்தால் டக் டக் என்று சத்தம், கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை, "சார், மாடியில ஆடு வளர்க்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். போர்வையெல்லாம் கால்மாட்டில் கிழிந்து தொங்குகிறது. வண்டலூர் ஜூவுக்குப் போனால் என்னை டிக்கெட் இல்லாமல் உள்ளே விட்டுவிடுவார்கள். வெளியே விடுவார்களா என்பதுதான் சந்தேகம்.

அதனால்தான் அந்த சாக்ஸ். சித்திரை வெயிலிலும் சாக்ஸ், கல்யாண வீட்டிலும் சாக்ஸ். உங்கள் ஊர் சிவன் கோயிலுக்குள்ளும் சாக்ஸோடு வந்து, "கால் குளிருது சாமி" என்று குருக்களிடம் சொல்லி, ஊரே வியர்த்து வழிகிற நேரத்தில் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தாரே, அப்போது நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் உன் அத்தை. அவளிடம் வெளியே சொல்வதில்லை என்று தலையிலடித்துச் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். டாக்டரிடம் போ, டாக்டரிடம் போ என்று அவள் சொல்லாத நாள் இல்லை. யாராவது நகத்துக்கு டாக்டரிடம் போவார்களா என்று நானும் கேட்காத நாள் இல்லை. இப்படி இருக்கிற விரலை எல்இடி ஸ்க்ரீனில் யானை அளவுக்குக் காட்டினால், மாப்பிள்ளை வீட்டார் பந்தியிலேயே இலையை மூடிவிட மாட்டார்களா? "பொண்ணோட மாமனாம்பா" என்று ஊர் சிரிப்பது எனக்கு, தலைகுனிவது உனக்கு. அந்தப் பயத்தில்தான் பகுத்தறிவு வந்தது. நியாயமாக வந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

நீ கதவைச் சாத்தின சத்தம் காதிலேயே இருந்தது. மறுநாள் கடைக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். எத்தனையோ பேருடைய ஓதம் காத்த சுவரை நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நகத்தை மாற்ற முடியாதா? ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையில் இறங்கினேன். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிறகு ஒரு கோட் ப்ரைமர். மேடு பள்ளத்துக்குப் பட்டி பார்த்தேன். காய்ந்ததும் மறுபடி உப்புத்தாள். அப்புறம் ஷேட் கார்டை விரலுக்குப் பக்கத்தில் வைத்து, கலர் கலக்குகிற மெஷினில் என் தோலுக்கு ஏற்ற நிறத்தைக் கலக்கி, இரண்டு கோட் எனாமல். வெளிச்சுவர் எனாமல், கண்ணு. மழை, வெயில், பால், மஞ்சள் எதுவும் ஒட்டாது, ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். எல்லாம் முடிந்து தூர நின்று பார்த்தேன். கொம்பு அப்படியேதான் இருந்தது. இப்போது திருவிழாவுக்குக் கோயில் மாட்டைச் சோடித்தது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்துக் கடை அத்தாவுல்லா பாய் டீ வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே வர வேண்டும்? பாத்ரூம் சாமான் ஷோரூம் வைத்திருக்கிற மனிதர், என் காலைப் பார்த்ததும் டீயைச் சாய்த்துவிட்டார்.

"இன்னா ஜெயவேலு, கால்ல பட்டி பாத்துகினு கீற? இன்னாப்பா இது?"

"நகம்."

"நகமா? நான் இன்னாமோ குழாய மாட்டிகினியோன்னு பயந்துட்டேன். எத்தினி வருசமா இப்டி கீது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மிருதுளா. சிரிப்பார் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் அவர் கடையில் தொழுகைக்குக் காலைக் கழுவுகிற நேரத்தில், பேச்சு என் காலுக்கு வந்துவிடுமோ என்று நான் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து, "பைத்தியக்காரா, எம் பொண்ணு கைனாத்து தோல் டாக்டருக்குப் படிச்சுட்டு மேற்கு தாம்பரத்துல பெரிய போர்டு மாட்டிகினு ஒக்காந்துகினு கீது. நீ இங்க மெஷின்ல கலர் கலக்கிகினு கீற. ஏந்திரு" என்றார். எழுந்தேன். கழற்றின சாக்ஸைப் போட விடவில்லை.

கைனாத்தை உனக்கும் தெரியும். சின்ன வயதில் என் கடை ஷேட் கார்டுகளைக் கிழித்துச் சீட்டு விளையாடின பெண். இன்று வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்து, "வாங்க அங்கிள்" என்றதும் எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. காலைத் தூக்கி ஒரு விளக்குக்குக் கீழே வைத்தாள். பார்த்தாள். நெருங்கிப் பார்த்தாள். லேசாகத் தட்டினாள்.

"அங்கிள், இந்தக் கலர்ல நகம் இருக்கறதா நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்லையே."

"வெளிச்சுவர் எனாமல் மா. ரெண்டு கோட்."

"...அதுக்குக் கீழ?"

"பட்டி. அதுக்குக் கீழ ப்ரைமர்."

அந்தப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. அத்தாவுல்லா பாய், "சிரிக்காத பாப்பா, அவரே பேஜார்ல கீறாரு" என்று அதட்டினார். பிறகு அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டு, "நகத்தோட கலர வெச்சுத்தான் பாதி விஷயத்தக் கண்டுபிடிக்கணும் அங்கிள். மஞ்சளா இருந்தா ஒண்ணு, பச்சையா இருந்தா ஒண்ணு, கறுப்புக் கோடு இருந்தா உடனே உஷாராகணும். நீங்க சாட்சியவே பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டீங்க" என்றாள். கடையிலிருந்து தின்னர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். கும்பிட்டு, வேண்டாம் என்றாள்.

அப்புறம் நடந்த விசாரணையிடம் சி.பி.ஐ. பிச்சை வாங்க வேண்டும். எப்போது அடிபட்டது, வலிக்கிறதா, எந்த மாதிரி ஷூ, வீட்டில் யாருக்காவது சொரியாசிஸ் உண்டா என்று கேள்விமேல் கேள்வி. சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறதாம், இன்னும் உள்ளே வரவில்லை. பாதத்துக்கு மேலேயும் கணுக்காலுக்குப் பின்னாலேயும் விரல் வைத்து நாடி பார்த்தாள். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போனால்தான் நகத்தில் கத்தி வைக்கலாமாம், இல்லாவிட்டால் புண் ஆறாதாம். என்னைக் கண்ணை மூடச் சொல்லி நைலான் நூல் மாதிரி ஒன்றால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டாள். தொடாதபோதும் தெரிகிறது என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். அடியில் எலும்பு எதுவும் முளைத்து நகத்தைத் தூக்குகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்தார்கள். பூஞ்சைக் காளான் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நகத்தில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பினாள். லேபிலிருந்து, டாக்டர், நீங்கள் அனுப்பிய சாம்பிளில் நகம் இல்லை, சுவர் இருக்கிறது என்கிற தோரணையில் போன் வந்தது. ஒரு களிம்பைக் கொடுத்துப் பிளாஸ்டிக் சுற்றித் தூங்கச் சொன்னாள். அது நகத்தை ஊறிய அப்பளம் மாதிரி ஆக்கும் என்றாள், ஆக்கியது. பல் டாக்டரிடம் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு மெஷினால் மேலே உள்ள பட்டி வேலையை எல்லாம் ராவி எடுத்தாள். நான் தீட்டிய ஓவியம் தூள் தூளாகப் பறந்தது. மறுபடி துண்டு வெட்டி அனுப்பினாள். காளான் இல்லை என்று வந்தது.

வியாதிக்குப் பெயர் கேட்டேன். ஆனிக்கோகிரைபோசிஸ். மறுபடி ஒருமுறை சொல்லிப் பார். கிரேக்க ராஜா பெயர் மாதிரி இல்லை? அதைக் கேட்டதும் எனக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. இத்தனை நாள் வெறும் அசிங்கம் என்று நினைத்த ஒன்றுக்கு இவ்வளவு பெரிய பட்டம்! அடிபட்டதால் நகத்தின் வேர் கோணலாகி, வெட்டாமல் விட்டதாலும் ஷூ அழுத்தியதாலும் வளைந்து வளைந்து இப்படி ஆகியிருக்கிறதாம். நிறையப் பேருக்கு வருகிறதாம். "எல்லாரும் சாக்ஸ் போட்டு மறைச்சுக்கிட்டு, தனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க அங்கிள். ஆறு மாசத்துக்கு ஒருத்தராவது உங்கள மாதிரி வந்து அழறாங்க" என்றாள். நான் அழவில்லை. தூசி விழுந்தது. மெஷின் தூசி.

மெஷினால் அவ்வப்போது ராவிக்கொண்டே இருக்கலாம், அல்லது மரத்துப்போக ஊசி போட்டு நகத்தை முழுசாக எடுத்து, மறுபடி முளைக்காமல் வேரில் ஒரு மருந்து வைக்கலாம், எது வேண்டும் என்று கேட்டாள். வலிக்கிற நகம், எடுப்பதுதான் நல்லது, ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிறது, தை மாதத்துக்குள் ஆறிவிடும் என்றாள். எடு என்றேன். ஆபரேஷன் அன்று உன் மாமன் காட்டிய வீரத்தை அத்தாவுல்லா பாயிடம் கேட்டுத் தெரிந்துகொள். விரலின் அடியில் ஊசி இறங்கியபோது சிங்கம் போல் படுத்திருந்தேன், ஒரு முனகல் கிடையாது. அப்புறம் விரல் என்னுடையதா, அடுத்த தெருக்காரனுடையதா என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் டிங் என்று ஒரு தட்டில் விழுந்த சத்தம். எட்டிப் பார்த்த பாய், "ஜெயவேலு, இத கழுவிக் குடுத்தேன்னா எங் ஷோரூம்ல துண்டு மாட்டுற கொக்கின்னு வெச்சுடுவேன். வித்துடும்பா" என்றார். கைனாத் அவரை வெளியே அனுப்பிவிட்டாள்.

கட்டுப் போடும்போது அவள், "இத்தன வருஷம் வராதவரு இப்ப எதுக்கு அங்கிள் ஓடி வந்தீங்க?" என்று கேட்டாள். என் மருமகள் என் காலைக் கழுவணும்னு சொன்னாம்மா என்றேன். மிருதுளா, அந்தத் தாம்பாளத்தில் இருக்க வேண்டியது உன் அப்பா குமரவேலின் கால். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புகிற ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் படியில் தாவித் தாவி ஓடின கால். உனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பின்னாலேயே மாடம்பாக்கம் ஏரிக்கரை முழுக்க ஓடின கால். அது வைக்க வேண்டிய இடத்தில் இந்தக் கொம்பை எப்படி வைப்பது என்றுதான் நினைத்தேன். உட்கார இஷ்டம் இல்லாமல் இல்லை. அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. பெரியப்பா வகையறாவில் எவனாவது பளபளவென்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டு வருவான், நம்பாதே.

இப்போது என் கட்டைவிரல் நகம் என்ற பாரமே இல்லாமல், பிறந்த குழந்தையின் முகம் போல, கொஞ்சம் சிவந்து, தூங்கிக்கொண்டிருக்கிறது. முகூர்த்தத்துக்குள் ஆறி நிற்கும். சினேகாவிடம் சொல்: கேமராவை எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் வைக்கட்டும். எல்இடி ஸ்க்ரீன் இன்னும் இரண்டு சேர்க்கட்டும், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரியட்டும். சந்திரிகாவுக்கு என் அன்பும், ஒரு காபி பாக்கி இருக்கிறது என்ற நினைவூட்டலும். உனக்கும், உனக்கு வரப்போகிறவருக்கும், இனி பிறக்கப்போகிற என் பேரன் பேத்திகளின் முப்பத்திரண்டு பற்களுக்கும் இருபது நகங்களுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகுவதாக.

இப்படிக்கு,
உன் காலடியில் கிடக்கும், தன் காலடியைத் திருத்திக்கொண்ட,
ஜெயவேலு மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் உன் அத்தை பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். படித்துவிட்டு, நான் இன்னும் கழற்றாத இடது சாக்ஸைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் சரி, தாம்பாளத்துல ஒரு காலத்தான் வெப்பாங்களா?" என்று கேட்டாள். விஷயம் என்னவென்றால், கண்ணு, வலதை மறைக்கவென்று இத்தனை வருஷம் இறுக்கமான ஷூ போட்டேன் பார், அதில் இடது கட்டைவிரலும் அதே ராஜ்ஜியத்தை ஸ்தாபித்துவிட்டது. கொஞ்சம் பெரிய ராஜ்ஜியம். கைனாத் கேட்டபோது, இடது கால் தங்கமான கால் என்று சொல்லி சாக்ஸைக் கழற்றாமலே வந்துவிட்டேன். உன் அத்தையே இன்றைக்குத்தான் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒற்றைக் காலில் பாத பூஜை வாங்கமுடியுமா என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வேடந்தாங்கல் கொக்குக்குக் கல்யாணம் நடப்பது போல இருக்கிறது என்கிறாள் அவள். ஆகையால் வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி கைனாத்திடம் போகிறேன். மேலே எழுதிய சிங்கம் என்ற வார்த்தையையும் உன் அத்தை அடித்துவிடச் சொல்லிவிட்டாள். ஊசி போடும்போது நான் அத்தாவுல்லா பாயின் கையைப் பிடித்த பிடியில் அவர் மணிக்கட்டு வீங்கி, இன்னும் இடது கையால்தான் பில் போடுகிறார். இனி வரமாட்டேன் என்கிறார். அத்தைக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம். பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், மிருதுளா. பதில் எழுதாதே, போனும் செய்ய வேண்டாம். ஸ்கூட்டியில் வந்து வாசலில் ஹாரன் அடி. இரண்டு காலிலும் சாக்ஸ் இல்லாமல் வந்து நிற்கிறேன்.